வீட்டுக்குள்ள ஒரு பார்: புதைத்த சாடியில் இருந்து கண்ணாடி அலமாரி வரைக்கும்

ஐ.டி. மக்கள் வீடு கட்டினா இப்போ ஒரு மூலையில் பார் கவுண்டர் கண்டிப்பா இருக்கு. பூஜை ரூமுக்கு வாஸ்து பார்த்த கையோட இதுக்கும் ஒரு மூலை ஒதுக்கிடறாங்க. நாலு பிளைவுட், ஒரு எல்.இ.டி. பட்டி, தலைகீழாத் தொங்குற கண்ணாடிக் கோப்பைகள், அவ்வளவுதான். "நாமளே செஞ்சுக்கலாம் மச்சி, ரெண்டு சனி ஞாயிறு போதும்"னு நண்பர்கள் உசுப்பேத்தினதுல நானும் ஆபீஸ்ல ஆணி குறைஞ்ச ஒரு வெள்ளிக்கிழமை படம் வரைய உட்கார்ந்தேன். புதுக்கோட்டை வீட்டு மாடியில் ஒரு அறை சும்மா கிடக்குது.

படம் வரையும்போதுதான் ஒரு சந்தேகம். எங்க மாவட்டத்துல ராயவரம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி, குளிபிறைன்னு செட்டிநாட்டு ஊர்கள் நிறைய. அந்த வீடுகள்ல பர்மா தேக்கு உண்டு, பெல்ஜியம் கண்ணாடி உண்டு, இத்தாலி சலவைக்கல் உண்டு. நெல்லுக்கு அறை, ஊறுகாய் ஜாடிக்கு அறை, கல்யாணப் பாத்திரத்துக்குத் தனி அறை. குடிக்கிறதுக்குன்னு மட்டும் ஒரு இடம் கிடையாது. ரங்கூன், பினாங்கு வரைக்கும் போய் வந்தவங்க வீடு அது. மற்ற சாதி வீடுகள்லயும் அதே கதைதான். குடிப்பழக்கம் நமக்குப் புதுசா? இல்லவே இல்லை. அப்புறம் வீட்டுக்குள்ள அதுக்கு இடம் ஏன் இல்லாமப் போச்சு? இதைத் தோண்டப் போய், பார் கட்டுற வேலை ரெண்டு மாசம் தள்ளிப் போச்சு :)

குடிசைக்குக் குடிசை பார்

எங்க பொன்னமராவதிப் பக்கத்துல பிரான்மலை. இப்போ சிவகங்கை மாவட்டத்துல இருக்கு. சங்க இலக்கியத்துப் பறம்புமலை இதுதான்னு சொல்லுவாங்க. பாரி ஆண்ட மலை. முல்லைக்குத் தேர் கொடுத்தது எல்லாருக்கும் தெரியும். புறநானூறு 120ஆம் பாட்டுல கபிலர் இன்னொரு சேதி சொல்றார். பாரியோட நாட்டுல மதுச் சாடியை மண்ணுக்குள்ள புதைச்சு வச்சு முதிர விடுவாங்களாம். அந்தத் தேறல் புல் வேய்ந்த குடிசைகள்ல வீட்டுக்கு வீடு கிடைக்குமாம். 113ஆம் பாட்டுல, பாரி செத்த பிறகு மலையை விட்டு இறங்கும்போது, மதுச் சாடி திறந்தே இருந்த அந்தக் காலத்தை நினைச்சு அழறார்.

கவனிச்சுப் பாருங்க. இது கடை இல்லை, அரண்மனையும் இல்லை. கூரை வீட்டுக்குள்ள, மண்ணுக்கு அடியில, சீரான குளிர்ச்சியில, விருந்தாளிக்காகக் காத்துக்கிட்டு இருக்குற ஒரு சாடி. 'நீங்களே செய்யுங்கள்' வகை ஹோம் பாருக்கு இதைவிடப் பழைய உதாரணம் நம்ம பக்கத்துல எனக்குக் கிடைக்கலை. மலைக்காரங்க மூங்கில் குழாய்க்குள்ள தேறலை முதிர வச்சதும் சங்கப் பாட்டுகள்ல வருது. ஸ்காட்லாந்துக்காரன் மரப்பீப்பாய்ல வச்சா கலை, நம்மாளு மூங்கில்ல வச்சா காட்டுவாசிப் பழக்கமான்னு ஒரு சின்னக் கடுப்பு வரத்தான் செய்யுது.

அதே காலத்துலதான் 'ஃபாரின் சரக்கும்' வந்துடுச்சு. புறநானூறு 56ல நக்கீரர், யவனர் நல்ல கலத்துல கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பெண்கள் பொற்கலத்துல தர, பாண்டியன் நன்மாறன் குடிச்சு மகிழட்டும்னு வாழ்த்துறார். இது வெறும் கவிதைப் பேச்சு இல்லை. பாண்டிச்சேரி பக்கத்து அரிக்கமேட்டுல 1945ல மார்டிமர் வீலர் தோண்டினப்போ, மத்தியதரைக்கடல் பக்கத்து மதுச்சாடித் துண்டுகள் கிடைச்சுது. ரெண்டு பக்கம் கைப்பிடி, கூர்மையான அடி, ஆம்ஃபோரான்னு பேரு. எங்க மாவட்டத்துக்கும் ரோமாபுரித் தொடர்பு உண்டு. ஆலங்குடி பக்கம் கறுக்காக்குறிச்சியில் 1898ல 501 ரோமானியத் தங்கக்காசு ஒரே புதையலாக் கிடைச்சுது. பெரும்பாலான காசுல பேரரசர் தலைமேல உளியால வெட்டு வேற!

ஆக ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ரெண்டு வகை ஹோம் பார் இருந்திருக்கு. ராஜா வீட்டுல இறக்குமதிச் சாடி, குடியானவன் வீட்டுல புதைச்ச சாடி. இந்த ரெண்டுல எது நிலைச்சது, எது போச்சுங்கிறதுதான் இந்தப் பதிவோட மேட்டர்.

கள்ளுக்கு அலமாரி கிடையாது

நம்ம ஊர்ச் சரக்கோட குணம் என்னன்னு முதல்ல பார்த்துடலாம். எஞ்சினியர் புத்தி, எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாம மேல போகாது.

பனையில பாளை விட்டதும் அதை இடுக்கியால நசுக்கிப் பதப்படுத்துவாங்க. அப்புறம் தினமும் நுனியைச் சீவிக் கலயத்தைக் கட்டுவாங்க. சொட்டுற பதநீர்ல பத்துல இருந்து பதினைஞ்சு சதம் வரைக்கும் சர்க்கரை. கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவியிருந்தா அது பதநீராவே நிக்கும். தடவலைன்னா காத்துலயும் கலயத்துலயும் இருக்குற ஈஸ்ட் உடனே வேலையை ஆரம்பிச்சுடும். சில மணி நேரத்துல நாலஞ்சு சதம் ஆல்கஹால், கிட்டத்தட்ட பீர் மாதிரி. மறுநாளைக்குள்ள அதுவே புளிச்சுக் காடியாகிடும்.

அதாவது, பதநீருக்கும் கள்ளுக்கும் வித்தியாசம் கொஞ்சம் சுண்ணாம்பு. கள்ளுக்கும் காடிக்கும் வித்தியாசம் ஒரு ராத்திரி. இதை எந்த அலமாரியிலயும் அடுக்க முடியாது. அன்னிக்கு இறக்கினதை அன்னிக்கே, மரத்தடியிலேயே, பனையோலைப் பட்டையில ஊத்திக் குடிச்சு முடிக்கணும். பட்டையைத் தூக்கிப் போட்டுட்டா ஆடு மாடு தின்னுடும். கிளாஸ் கழுவுற வேலைகூட இல்லை. புதுக்கோட்டை சீமை பனை நிறைஞ்ச வறண்ட பூமி. எங்க ஊர்க்காரனுக்கு ஹோம் பார் கொல்லையில அறுபதடி உயரத்துக்கு நின்னுச்சு. அவன் எதுக்கு வீட்டுக்குள்ள தனியா ஒண்ணு கட்டணும்?

இதனால அரசாங்கத்துக்கு ஒரு தலைவலி. சேமிக்க முடியாத, ஊர் முழுக்கத் தானா ஊறுற ஒரு பொருளுக்கு எப்படி வரி போடுறது? சரக்கை விட்டுட்டு மரத்தையும் ஏறுறவனையும் பிடிச்சாங்க. பல்லவர், சோழர் காலத்துச் செப்பேடுகள்ல 'ஈழப்பூட்சி'ன்னு ஒரு வரி வரும். ஈழம்னா கள். கள் இறக்குறவங்க மேல போட்ட வரி அது. ராஜராஜன் காலத்து ஆனைமங்கலம் செப்பேட்டுல, அந்த ஊர்ல தென்னையும் பனையும் ஈழவர் ஏறக்கூடாதுன்னு நிபந்தனையே இருக்கு. யார் மரம் ஏறலாம், யார் குடிக்கலாம்னு மேல இருந்து உத்தரவு போடுற பழக்கத்துக்கு வயசு ஆயிரத்துக்கு மேல.

பிரிட்டிஷ்காரன் வந்து இதைக் கச்சிதமா எழுதி வச்சுக்கிட்டான். 1886 மதராஸ் அப்காரிச் சட்டம் வந்த பிறகு இறக்க லைசென்ஸ், விற்க லைசென்ஸ், மரத்துக்கு வரி. மரத்துல எண் போட்டாச்சுன்னா அது உங்க மரம் மட்டும் இல்லை, கஜானாவோட மரமும்தான். குடி கொல்லையில இருந்து கடைக்கு நகர்ந்தது இப்படித்தான். கடைன்னா குடிக்கிற இடம்னு நாம நினைச்சுக்கறோம். அரசாங்கத்துக்கு அது வசூல் பண்ணுற இடம்.

பூட்டோட பிறந்த அலமாரி

இப்போ நாம கட்டுற மாதிரி பார் எங்கிருந்து வந்துச்சு? அதுக்கு ரெண்டு விஷயம் தேவை. ஒண்ணு, வருஷக்கணக்கா கெடாத காய்ச்சி வடிச்ச சரக்கு. இன்னொண்ணு, கண்ணாடி பாட்டில். ரெண்டும் சேர்ந்த பிறகுதான் அலமாரி.

1881ல லண்டன்ல ஜார்ஜ் பெட்ஜமன்ங்கிறவர் ஒரு சாமானுக்குக் காப்புரிமை வாங்கினார். பேரு 'டாண்டலஸ்'. மரச்சட்டத்துக்குள்ள ரெண்டு மூணு கண்ணாடிக் குடுவை, மேல குறுக்கே ஒரு பட்டை, அதுல பூட்டு. உள்ள இருக்குற சரக்கு நல்லாத் தெரியும், ஆனா சாவி இல்லாம எடுக்க முடியாது. கிரேக்கக் கதையில் கழுத்தளவு தண்ணியில நின்னும் குடிக்க முடியாத ராஜாவோட பேரு அது. வேலைக்காரன் குடிச்சுடக் கூடாதுன்னு செஞ்ச சாமானுக்கு என்ன பொருத்தமான பேரு பாருங்க! நவீன ஹோம் பாருக்கு முன்னோடி பிறக்கும்போதே பூட்டோட பிறந்திருக்கு.

அடுத்த பாய்ச்சல் அமெரிக்காவுல. 1920 ஜனவரி 17ல இருந்து 1933 டிசம்பர் 5 வரைக்கும் அங்கே நாடு தழுவிய மதுவிலக்கு. இதுல பலருக்குத் தெரியாத ஒரு ஓட்டை உண்டு. தயாரிக்கிறது, விற்கிறது, கொண்டுபோறது குற்றம். ஆனா தடை வர்றதுக்கு முன்னால வாங்கி வச்சதை சொந்த வீட்டுல வச்சுக் குடிக்கிறது குற்றம் இல்லை. காசு இருந்தவன் தடை வர்றதுக்குள்ள நிலவறையை நிரப்பிக்கிட்டான். காசு இல்லாதவன் திருட்டுச் சரக்கு குடிச்சுக் கண்ணை இழந்தான். கடை மூடினதால குடி வீட்டுக்குள்ள போச்சு. காக்டெயிலும் அதுக்கான அலமாரியும் பணக்கார வீடுகள்ல நாகரிகம் ஆனது இந்தக் காலத்துலதான்.

எங்க ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்தக் காலத்துல ஐரோப்பாவுலதான் இருந்தார். 1915ல மெல்போர்ன்ல மோலி ஃபிங்க்கைக் கல்யாணம் பண்ணிக்கிட்டதை பிரிட்டிஷ் அரசாங்கம் ஏத்துக்கலை. கடைசியில ஊரை விட்டே போய் 1928ல பாரிஸ்ல காலமானார். ராஜா காக்டெயில் யுகத்து ஐரோப்பாவுல, குடிமக்கள் இங்க பனைமரத்துல. சங்ககாலத்து ரெண்டு சாடி மாதிரியே தான் இதுவும்.

பர்மிட் இருந்தா மருந்து

1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி சேலம் மாவட்டத்துல மதுவிலக்கைக் கொண்டுவந்தார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939ல பொது விற்பனை வரி போட்டார். நாம இன்னிக்கு ஹோட்டல் பில்லைப் பார்த்து முனகுற ஜி.எஸ்.டி.க்குத் தாத்தா அதுதான்! 1948 மார்ச் 3ல புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோட இணைஞ்சு திருச்சி மாவட்டத்துக்குள்ள போச்சு. (தனி மாவட்டம் ஆனது 1974 ஜனவரி 14ல.) அதே 1948 அக்டோபர் 2ல, ஓமந்தூரார் ஆட்சியில், மாகாணம் முழுக்க மதுவிலக்கு.

நம்ம சட்டம் அமெரிக்கச் சட்டத்தைவிடக் கடுமை. இங்க குடிக்கிறதே குற்றம். ஆனா ஒரு சின்னக் கதவு இருந்துச்சு: பர்மிட். வெளிநாட்டுக்காரருக்கு உண்டு, உடம்புக்கு அவசியம்னு டாக்டர் சர்டிபிகேட் வாங்கினவருக்கும் உண்டு. பம்பாய்ல இன்னிக்கும் பார் வாசல்ல 'பர்மிட் ரூம்'னு போர்டு பார்க்கலாம், அங்க வந்த 1949 சட்டத்தோட மிச்சம் அது.

டாக்டர், சர்டிபிகேட், விண்ணப்பம், கட்டணம். இதெல்லாம் யாரால முடியும்? பனையடியில பட்டை ஏந்தி நின்னவனால முடியாது. பங்களாவுல அலமாரி வச்சிருந்தவர் கையில பர்மிட் இருந்தா அது மருந்து. வேலங்காட்டுல ஊறல் போட்டவன் கையில பானை இருந்தா அது குற்றம். மதுவிலக்கோட நோக்கத்தை நான் கிண்டல் பண்ணலை. கூலி வாங்கின கையோட குடிச்சுட்டுப் போற குடும்பங்களைப் பார்த்துதான் அந்தத் தலைமுறை அப்படி யோசிச்சுது. ஆனா அது யார் வீட்டுக் கதவுல நின்னுச்சு, யார் வீட்டுக்குள்ள நுழைஞ்சுதுன்னு கேக்கணும் இல்லையா?

அப்புறம் நடந்தது திறந்து மூடி விளையாட்டு. 1971ல கருணாநிதி திறந்தார், 1974ல அவரே மூடினார். 1981ல எம்.ஜி.ஆர். திறந்தார். 1983ல மொத்த வியாபாரத்துக்கு டாஸ்மாக் வந்துச்சு. 1987ல கள்ளும் சாராயமும் தடை. 1990ல மலிவு விலை மது வந்து, 1991ல ஜெயலலிதா அதை நிறுத்தினார். 2003 நவம்பர்ல சில்லறை வியாபாரமும் டாஸ்மாக் கைக்கு வந்துச்சு. 2023-24ல அதுல இருந்து அரசுக்கு வருமானம் சுமார் 45,855 கோடி ரூபாய். இவ்வளவும் நடக்குறது எந்தச் சட்டத்துக்குக் கீழன்னு நினைக்கிறீங்க? 1937 மதுவிலக்குச் சட்டம்! அது இன்னும் ரத்தாகலை. துறையோட பேரே மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைதான்.

அப்பத்தாவோட கேள்வி

இதையெல்லாம் படிச்ச வேகத்துல, குடி கடையில இருந்து வீட்டுக்கே திரும்பி வர்றதுதான் நல்லதுன்னு ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அப்பத்தாகிட்ட மாடி அறையில என்ன செய்யப் போறேன்னு மெதுவா எடுத்து விட்டேன்.

"ஏந்தம்பி, கடையில குடிச்சா ரோட்டுல விழுவான். வீட்டுல குடிச்சா யாரு மேல விழுவான்?"

அவ்வளவுதான் கேட்டுச்சு. எனக்குப் பதில் வரலை. சங்கப்பாட்டு, அப்காரி, டாண்டலஸ் எதுலயும் இந்தக் கேள்வி இல்லை. குடியோட வரலாற்றை எழுதினவங்க எல்லாரும் ஊத்திக் குடிச்சவங்க பக்கம், இல்லைன்னா வரி வாங்கினவங்க பக்கம். ஊத்திக் கொடுத்துட்டுக் கழுவி வச்சவங்க பக்கம் எழுதினது குறைச்சல்.

அவங்க பேசின இடமும் உண்டு. 1990களின் ஆரம்பத்துல எங்க மாவட்டத்துல அறிவொளி இயக்கம் வந்து, பெண்கள் ஆயிரக்கணக்குல எழுத்தும் சைக்கிளும் சேர்த்துக் கத்துக்கிட்டாங்க. அதே மாதிரி எழுத்தறிவு இயக்கம் ஆந்திராவுல நெல்லூர் மாவட்டத்துலயும் நடந்துச்சு. அங்க துபகுண்டா கிராமத்துப் பெண்கள் 1992ல சாராயக் கடையை மூட வச்சாங்க. அது மாநிலம் முழுக்கப் பரவி, 1993 அக்டோபர்ல சாராயத் தடை, 1995ல முழு மதுவிலக்கு வரைக்கும் போச்சு. 1997ல அதைத் தளர்த்திட்டாங்க, அது வேற கதை. எழுதப் படிக்கத் தெரிஞ்சதும் அந்தப் பெண்கள் முதல்ல போய் நின்ன இடம் சாராயக்கடை வாசல்ங்கிறதை மறக்கக் கூடாது.

முப்பத்தாறு பாட்டில்

சரி, படத்துக்கு வர்றேன். கவுண்டர் உயரம் 42 அங்குலம், நின்னுக்கிட்டு முழங்கை ஊன்றக் கணக்கா இருக்கும். ஸ்டூல் 30 அங்குலம். இடையில இருக்குற 12 அங்குலம் தொடைக்கு. அகலம் 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கால் வைக்கிற கம்பி தரையில இருந்து எட்டு அங்குலம். மேல்பலகைக்கு காரைக்குடியில் பழைய சாமான் விக்கிற தெருவுல ஒரு தேக்கு நிலைக்கதவு பார்த்து வச்சிருக்கேன். குமிழை எடுத்துட்டுச் சந்தனக்கலர்ல பாலிஷ் போட்டா பிரமாதமா இருக்கும்னு ஆசாரி சொல்றார்.

அலமாரியில எத்தனை தட்டுன்னு முடிவு பண்ணத்தான் சட்டத்தைப் பார்த்தேன். சொந்த உபயோகத்துக்கு எவ்வளவு வச்சுக்கலாம்னு தமிழ்நாட்டுல 1996ல வந்த விதிகள் இருக்கு. இந்தியாவுல தயாரான அயல்நாட்டு வகை 4.5 லிட்டர், இறக்குமதி 4.5 லிட்டர், பீர் 7.8 லிட்டர், ஒயின் 9 லிட்டர். எண்கள் வினோதமாத் தெரியுதா? வகுத்துப் பாருங்க. 750 மில்லி பாட்டில்ல ஆறு, ஆறு. 650 மில்லி பீர் பன்னிரண்டு. ஒயின் பன்னிரண்டு. மொத்தம் முப்பத்தாறு பாட்டில். அலமாரிக்கு அளவு எடுத்தது ஆசாரி இல்லை, அரசாங்கம்!

ஸ்காட்லாந்து விஸ்கிக்கு இடம் இருக்கு. பிரெஞ்சு ஒயினுக்கு இடம் இருக்கு. மாடி ஜன்னலைத் திறந்தா தெரியுற பனைமரத்துக் கள்ளுக்கு? பூஜ்யம். ஒரு சொட்டு வச்சிருந்தாலும் குற்றம். பக்கத்துல கேரளாவுல கடை வச்சு விக்கிறாங்க, பாண்டிச்சேரியிலும் உண்டு. நமக்கு 1987ல போட்ட பூட்டு அப்படியே இருக்கு. இத்தனைக்கும் பனை நம்ம மாநில மரம். கலெக்டர் அனுமதி இல்லாம வெட்டக் கூடாதுன்னு 2021 வேளாண் பட்ஜெட்ல அறிவிச்சாங்க. மரத்தைக் காப்பாத்துவோம், ஏறினவன் பிழைப்பு மட்டும் வேண்டாம். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சு ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னை மொத்தமாச் சாய்ஞ்சப்போ, பனை பெரும்பாலும் நின்னுச்சு. அந்த மரத்தை நம்பிப் பிழைக்கத் தெரிஞ்ச கைகள்தான் குறைஞ்சு போயிருந்துச்சு.

கள் ஒண்ணும் அமிர்தம்னு சொல்ல வரலை. கள்ளுக்கடைகள்ல குளோரல் ஹைட்ரேட் கலந்து வித்த கதை பல மாநிலத்துலயும் உண்டு. ஆனா கலப்படம் நடந்தது மரத்தடியில இல்லை, மரத்துல இருந்து தூரமாப் போன கடையில. 2023 மே மாசம் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கம் இருபதுக்கும் மேல, 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேல செத்தாங்களே, அவங்க குடிச்சது மெத்தனால். எந்த மரத்துலயும் ஊறாத, தொழிற்சாலையில இருந்து வந்த விஷம். செத்தவங்கள்ல பெரும்பாலானவங்க கூலிக்காரங்க. முப்பத்தாறு பாட்டில் அலமாரி வைக்க வக்கில்லாதவங்க.

எனக்குப் படுறது இதுதான். ஒருத்தன் வீட்டுல வச்சுக் குடிக்கலாமா கூடாதான்னு நம்ம ஊர்ல தீர்மானிச்சது சரக்கோட குணம் இல்லை, குடிக்கிறவன் யாருங்கிறதுதான். பாட்டிலும் ரசீதும் இருந்தா அது ரசனை, கலயமும் பட்டையும் இருந்தா அது கேஸ். பறம்புமலைக் குடிசையில புதைச்சிருந்த சாடியை எடுத்துட்டு, பாண்டியன் வீட்டுச் சாடியை மட்டும் அலமாரியில ஏத்திட்டோம்.

என் மாடி அறை இப்போதைக்கு இப்படி முடிவாகியிருக்கு. கவுண்டர் உண்டு, 42 அங்குலம்தான். ரெண்டு தட்டு மட்டும், மேல்தட்டுல புத்தகம். கோப்பை கழுவுற தொட்டி கவுண்டருக்கு உள்பக்கமே வருது, குடிச்சவன் கழுவிட்டுத்தான் கீழ இறங்கணும். சீசன்ல காலையில தெருவுல பதநீர் கொண்டுவர்ற ஐயாகிட்ட தினம் ரெண்டு லிட்டர் சொல்லி வச்சிருக்கேன். சுண்ணாம்பு தடவின கலயம்தான், சட்டப்படி சுத்தம். ஓலைப் பட்டைக்குத் தனியா ஒரு கொக்கி அடிச்சாச்சு.

உங்க ஊர்ப்பக்கம் மரத்தடிக் கள் பத்தியோ பர்மிட் காலத்துக் கதையோ தாத்தா பாட்டி சொல்லியிருந்தா பின்னூட்டத்துல கொட்டிட்டுப் போங்க மக்கா. குறிப்பா பாட்டி சொன்னது.

டிஸ்கி 1: குடி குடியைக் கெடுக்கும். 21 வயசுக்குக் கீழ இருக்குறவங்க கவுண்டர் அளவை மட்டும் எடுத்துக்கிட்டு அதுல படிப்பு மேஜை செய்யவும்.

டிஸ்கி 2: வீட்டுல காய்ச்சிப் பார்க்கலாமான்னு கேக்க நினைக்கிறவங்களுக்கு, கூடாது. ஜெயிலும் உண்டு, உயிருக்கும் ஆபத்து. பிளைவுட் அறுக்குறதோட நிறுத்திக்கலாம் :)